கொழும்பில் ஆடாதோடை: தடி நடுவது முதல் இலை ஆய்வது வரை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடியின் பல்கனிகளை அண்ணாந்து பாருங்கள். துளசி இருக்கும், கற்பூரவள்ளி இருக்கும், கறிவேப்பிலையும் இருக்கும். ஆடாதோடை இருக்காது. ஊரில் வேலியோரம் கதியாலோடு கதியாலாக நின்ற செடி, வெட்டி வயலுக்குக் குழையாகப் போட்ட செடி. அதைப் போய்ச் சாடியில் வைப்பதா என்ற எண்ணம் போலும். வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. இருமலும் சளியும் வருடம் முழுக்க வீடு வீடாகச் சுற்றும் இந்த நகரத்தில், இவ்வளவு குறைந்த கவனிப்பில் ஆண்டுக்கணக்காக நின்று, பூத்து, மருந்துக்கும் உதவுகிற செடிகள் அதிகம் இல்லை.

தொடங்கும்போதே ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆடாதோடை வெயிலுக்கு லேசில் சாகாது, உரமில்லாமலும் சாகாது, வேரில் தண்ணீர் தேங்கினால் செத்துவிடும். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் பெய்வது அதில் பாதியளவுதான். அங்கே யாரும் திரும்பிப் பார்க்காமலே வளர்ந்த செடி இங்கே ஆசையாகப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றியும் அழுகிப்போவதற்குக் காரணம் இதுதான். கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் தண்ணீரை வடியவைக்கும் வேலைதான்.

செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

ஆடாதோடையின் தாவரவியல் பெயர் ஜஸ்டிசியா அதாதோடா. பழைய நூல்களில் அதாதோடா வாசிகா என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. கனகாம்பரம், நிலவேம்பு, நீர்முள்ளி எல்லாம் இதன் குடும்பம்தான். நிலத்தில் விட்டால் 2 மீற்றருக்கு மேலும் உயரும். சாடியில் வெட்டி வெட்டி விட்டால் இடுப்பளவில் நிற்கும்.

இலை மாவிலையைப் போல நீண்டு இரு நுனியும் கூராக இருக்கும், ஆனால் மாவிலையின் விறைப்பு இருக்காது. கணுவுக்கு இரண்டு இலை, எதிரெதிராக. தண்டின் கணுக்கள் சற்றுத் தடித்திருக்கும். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் ஒருவகைக் காட்டமான பச்சை வாசனை வரும். நுனிநாக்கில் வைத்தால் கசப்பு. அந்தக் கசப்பால்தான் ஆடு மாடு வாய்வைப்பதில்லை.

சந்தேகம் தீர வேண்டுமானால் பூவைப் பாருங்கள். கிளை நுனியில் இலைபோன்ற சிறு செதில்கள் அடுக்கடுக்காக நெருங்கிய ஒரு கதிர், அதற்குள்ளிருந்து ஒன்றிரண்டாக வெள்ளைப் பூக்கள். ஒவ்வொரு பூவும் மேலுதடு கீழுதடு என்று வாயைத் திறந்ததுபோல இருக்கும். கீழுதட்டில் ஊதா கலந்த சிவப்புக் கோடுகள் கீறியிருக்கும். பெரிய கருவண்டு வந்து அந்தக் கீழுதட்டில் இறங்கும்போது பூ முழுவதும் தாழ்ந்து, மேலுதட்டுக்கு அடியில் இருக்கும் மகரந்தம் வண்டின் முதுகில் படும். ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள், செடி வைத்ததற்கு அதுவே போதும்.

அடையாளத்துக்கு இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதைச் சிங்களத்தில் பாவட்டா என்பார்கள், நம்மவர்களிலும் பாவட்டை என்று சொல்வோர் உண்டு. ஆனால் பாவட்டை என்ற பெயரில் முற்றிலும் வேறான இன்னொரு செடியும் இருக்கிறது. அதுவும் புதர்தான், அதற்கும் எதிரெதிர் இலைதான், பூவும் வெள்ளைதான். ஆனால் அதன் பூக்கள் இட்லிப் பூவைப் போல மெல்லிய குழாயும் நான்கு இதழுமாகக் குடைவிரித்த கொத்தாக இருக்கும். உதடு இருக்காது, ஊதாக் கோடும் இருக்காது. நாற்றுமேடையில் "பாவட்டா இருக்கு" என்று கையில் தந்ததும் வாங்கி வராதீர்கள். பூத்த செடியைக் காட்டச் சொல்லுங்கள்.

தடி எங்கே கிடைக்கும்

விதை தேட வேண்டாம், தடிதான் வழி. ஊரில் இருந்து யாராவது வருவதாக இருந்தால் சொல்லிவிடுங்கள். வெட்டிய தடிகளை ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் பையைத் தளர்வாகச் சுற்றினால் யாழ்தேவியில் வந்தாலும் இரவு பஸ்ஸில் வந்தாலும் வாடாது. வந்த அன்றே நட முடியாவிட்டால் நிழலில் அப்படியே வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். தண்ணீரில் மூழ்க வைக்காதீர்கள்.

கொழும்பிலேயே தேடுவதானால் பத்தரமுல்ல தியத்த உயனவில் உள்ள செடிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். நாவின்னவில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது, அங்கே மூலிகைத் தோட்டமும் உண்டு. கன்று கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. தெகிவளை, வத்தளைப் பக்கம் பழைய காணிகளில் வேலியாகவும் நிற்கும். வீட்டுக்காரரிடம் கேட்டால் மறுக்கமாட்டார்கள், ஏனென்றால் வெட்ட வெட்டத்தான் அது தழைக்கும். புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் கிடைப்பது காய்ந்தது, நடுவதற்கு உதவாது.

எந்த மாதத்தில் நடுவது

சாடியில், மழை படாத இடத்தில் என்றால் எந்த மாதத்திலும் தடி ஊன்றலாம். நிலத்தில் வைக்க நினைப்பவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். கொழும்பில் ஏப்ரல் பின்னேரங்களில் இடிமழை. மே நடுவில் சோளகத்தோடு, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றோடு, தொடர்மழை. ஒக்டோபர், நவம்பரில் மறுபடி அடைமழை. ஜனவரியும் பெப்ரவரியும்தான் கொஞ்சம் காய்ந்த மாதங்கள். அடைமழைக்குள் இளங்கன்று மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆகவே பெப்ரவரி தொடக்கத்தில் தடியைச் சிறு சாடியில் ஊன்றி, வேர்விட்ட கன்றை ஏப்ரல் தொடக்கத்தில் நிலத்துக்கு மாற்றுங்கள். மே மாத மழைக்குள் அது வேரோடிவிடும். தவறினால் ஜூலைக் கடைசியில் ஊன்றி, செப்டெம்பரில் மாற்றுங்கள்.

தடி வெட்டி ஊன்றுதல்

இந்த இடத்தில் அவசரப்படாமல் செய்தால் மீதியெல்லாம் லேசு.

இளம்பச்சை நுனி வேண்டாம், அழுகிவிடும். அடியில் இருக்கும் முற்றிய மரத்தண்டும் வேண்டாம், வேர்விட நாளாகும். இரண்டுக்கும் இடையில், பச்சை மாறிச் சாம்பல் பழுப்பு ஏறத் தொடங்கிய, பென்சில் பருமனான பகுதிதான் வேண்டியது. ஆறு முதல் எட்டு அங்குலம் நீளம், மூன்று அல்லது நான்கு கணு. கத்தியைக் கொதிநீரில் கழுவித் துடைத்துவிட்டு, அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டுங்கள். மேல்பக்கம் கணுவுக்கு அரை அங்குலம் மேலே நேராக வெட்டுங்கள். சரிவு கீழே, நேர் மேலே என்று வைத்துக்கொண்டால் பத்துத் தடி கையில் இருந்தாலும் தலைகீழாக ஊன்றிவிடமாட்டீர்கள்.

கீழ் இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். உச்சியில் ஒரு சோடி இலையை மட்டும் விட்டு, அதையும் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டுங்கள். வேர் இல்லாத தடிக்கு முழு இலையையும் தாங்கும் அளவுக்குத் தண்ணீர் உறிஞ்ச முடியாது.

ஊன்றும் கலவைக்கு ஆற்று மணல் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு போதும். பசளை போடாதீர்கள். தும்புத்தூள் கட்டியாக வாங்கியது என்றால் ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழியுங்கள், சிலவற்றில் உப்பு இருக்கும். அடியில் ஓட்டை போட்ட தயிர்க் கப் அளவு சிறு சாடி ஒவ்வொன்றிலும் ஒரு தடி. விரலால் குழி போட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி இறக்கி, சுற்றி அழுத்துங்கள். தடியை நேரே மண்ணில் குத்தி இறக்கினால் வெட்டுவாய் நசிந்துவிடும்.

ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, அடியால் வடியும்வரை பாருங்கள். பிறகு அடி வெட்டிய ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலை மூடியில்லாமல் தடியின்மேல் கவிழ்த்து, வெளிச்சம் இருந்தும் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். இனி மேல்மண் காயத் தொடங்கினால் மட்டும் தெளித்தால் போதும்.

மூன்று நான்கு கிழமையில் கணுவில் பச்சை மொட்டு வெடிக்கும். புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று நினைத்துச் சாடி மாற்றுவார்கள், கன்று இரண்டு நாளில் தலை சாயும். அந்த முதல் துளிரை விடுவது தடிக்குள் சேர்ந்திருந்த சத்து. இரண்டாவது சோடி இலை விரிந்து, சாடியின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்வரை பொறுங்கள். ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகலாம். துளிர் கண்டதும் போத்தலை முதலில் பகலில் மட்டும் எடுத்து, ஒரு கிழமையில் முழுவதுமாக எடுத்துவிடுங்கள். ஐந்து தடி ஊன்றினால் எல்லாமே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்று வந்தால் நல்ல விளைச்சல், வீட்டுக்கு ஒன்றே தாராளம்.

நிரந்தர இடம்: சாடி

சாடி ஏறத்தாழ 12 அங்குல வாய் அகலமாவது இருக்க வேண்டும், ஆழமும் அந்தளவு. கடையில் வாங்கத் தேவையில்லை. 20 லீற்றர் பெயின்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி எடுத்தாலும் சரிதான். அடியில் ஆறேழு ஓட்டை போடுங்கள், சுண்டுவிரல் நுழையும் பருமனில். பக்கச் சுவரிலும், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில், நான்கு ஓட்டை போட்டுவிடுங்கள். அடி ஓட்டை டைல்ஸில் ஒட்டிக்கொண்டு அடைபட்டாலும் பக்க ஓட்டையால் தண்ணீர் போகும். அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு இரண்டு மூன்றை ஓட்டைக்கு மேல் கவிழ்த்து வைத்தால் மண் வெளியே போகாது. வாளியை இரண்டு செங்கல்லில் உயர்த்தி வையுங்கள்.

கலவை: தோட்டத்துச் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு. செடிக் கடையில் பையாக விற்கும் கலவையை வாங்கினால் அதில் தும்புத்தூள் அதிகம் இருக்கும், மழைக்காலத்தில் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு மூன்றில் ஒரு பங்கு மணல் சேர்த்துவிடுங்கள். கையில் ஒரு பிடி ஈரக் கலவையை அள்ளி இறுக்கிப் பிடித்து விரல்களைத் திறவுங்கள். உருண்டையாகவே நின்றால் மணல் போதாது. மெல்லத் தட்டியதும் உதிர்ந்தால் சரி.

20 லீற்றர் வாளி நனைந்த மண்ணோடு 30 கிலோவுக்குக் கிட்ட வரும். பல்கனியில் விளிம்புச் சுவரின் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். சோளகம் அடிக்கும் நாட்களில் அந்த இலைப்பரப்பு காற்றைப் பிடித்துச் சாடியோடு சாய்க்கும். கீழே ஆட்கள் நடமாடும் வீதி என்பதை மறக்க வேண்டாம். தரையில், சுவரோரம் வையுங்கள்.

வெயில் ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் கிடைத்தால் போதுமானது. கூடக் கிடைத்தால் பூ கூடும். கடலைப் பார்த்த மாடிகளில் உப்புக் காற்றால் இலை விளிம்பு கருகும். செடி அதனால் சாவதில்லை, ஆனால் இலை மருந்துக்கு ஆகாது. அப்படிப்பட்ட வீடுகளில் பின்பக்கப் பல்கனியில் வையுங்கள். வேறு இடமில்லை என்றால் காற்றுக் கடுமையான நாட்களில் பின்னேரம் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

நிலம் இருப்பவர்களுக்கு

கொழும்பில் நிலம் இரண்டு வகை. மேட்டுப்பகுதியில் கபுக் கல் எனும் செம்புரைக்கல்லும் செம்மண்ணும். களனி ஆற்றோரத்திலும் நிரப்பிய சதுப்புக் காணிகளிலும் தண்ணீர் கீழே இறங்காத நிலம். மேட்டில் ஒன்றரை அடிக் குழி தோண்டி, எடுத்த மண்ணோடு கொம்போஸ்ட் கலந்து மூடி நட்டால் போதும். பள்ளக் காணியில் குழியே தோண்டாதீர்கள், குழி கிணறாகிவிடும். ஒரு அடி உயரத்துக்கு மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் நடுங்கள். இந்தப் பகுதி மண் மழையில் கழுவுண்டு புளித்துப்போயிருக்கும், நடுமுன் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணக்கல் தூள் ஒரு பிடி கலந்துவிடுவது நல்லது. வேலியாக நடுவதானால் இரண்டு அடிக்கு ஒன்று, தனிச் செடியானால் நாலைந்து அடி விட்டு.

தண்ணீர்

மாற்றி நட்ட முதல் மாதம் மண்ணைக் காயவிடாதீர்கள். அதன்பிறகு பழக்கத்தை மாற்றுங்கள். நேரம் குறித்துத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடியால் வடியுமளவு ஊற்றுங்கள். பெப்ரவரியில் சாடிக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தேவைப்படலாம். ஒக்டோபரில் இரண்டு கிழமை ஊற்றாமலே போகலாம்.

நடுப்பகலில் இலை கொஞ்சம் தொய்ந்து, பின்னேரம் நிமிர்ந்தால் அது வெயில் சோர்வு, பயமில்லை. விடியக் காலையில், மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. மண்ணை முகர்ந்து பாருங்கள், புளித்த நாற்றம் வரும். அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டதும் கழன்று வரும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. செடியைச் சாடியிலிருந்து எடுத்து, கறுத்துக் குழைந்த வேரை வெட்டி, மேலேயும் பாதியளவு வெட்டிவிட்டு, புதிய மணல் கூடிய கலவையில் வைத்து நிழலில் விடுங்கள். வெட்டிய கிளைகளில் இருந்து மூன்று தடியையும் அன்றே ஊன்றிவிடுங்கள். தாய்ச்செடி போனாலும் வம்சம் போகாது.

சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தரை நனையும் என்று கட்டாயம் வைக்க வேண்டியிருந்தால், அதில் தேங்குவதை நாளாந்தம் கொட்டி, கிழமைக்கு ஒருமுறை தட்டை உரசிக் கழுவுங்கள், நுளம்பு முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும். தட்டில் தேங்கும் அந்த நாலு கரண்டித் தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும், முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள் போதும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்து வழக்கும் போடலாம். மருந்துச் செடி வைத்து வீட்டுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரக் கூடாது.

பசளை, பூச்சி

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கை கொம்போஸ்ட் மேல்மண்ணில் கிளறி விட்டால் போதும். இலையை உள்ளுக்குச் சாப்பிடப் போகிறீர்கள், ஆகவே இரசாயனப் பூச்சிமருந்து கிட்டவும் வேண்டாம். தேவையும் பெரும்பாலும் வராது. காற்றோட்டமில்லாத மூலையில் பஞ்சுபோல வெள்ளையாகக் கணுவில் ஒட்டும் பூச்சி வரலாம். பழைய பல்துலக்கியால் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, அரைமணி கழித்துக் கழுவிவிடுங்கள். மழைக்காலத்தில் இலைப்புள்ளி கண்டால் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, செடியின் நடுவில் இரண்டொரு கிளையை வெட்டிக் காற்றுப் புக வழிவிடுங்கள்.

வெட்டுவதற்குத் தயங்காதீர்கள்

கன்று ஒரு அடி உயர்ந்ததும் உச்சியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வரும், அவற்றையும் ஒருமுறை கிள்ளுங்கள். இதைச் செய்யாத செடி ஒற்றைத் தடியாக மேலே போய், அடியில் மொட்டையாக, நுனியில் மட்டும் நாலு இலையோடு நிற்கும். ஒரு வருடம் கழிந்த செடியை வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் பூக்க விட்டு, பூ ஓய்ந்ததும் மார்ச் கடைசியில் வெட்டினால் ஏப்ரல் மழைக்குத் தளதளவென்று தழைக்கும். வெட்டியதில் நல்ல தடிகளை அயலாருக்குக் கொடுங்கள். மீதி இலை தழையை நறுக்கி மற்றச் சாடிகளில் மண்ணோடு கிளறிவிட்டால் நல்ல பசுந்தாள் பசளை.

இலை ஆய்தலும் காயவைத்தலும்

முதல் ஆறு மாதம் இலையில் கைவைக்காதீர்கள். பிறகு நடுக்கிளைகளில் இருக்கும் கரும்பச்சை இலைகளை, ஒரு கிளையில் மூன்றில் ஒன்றுக்கு மிஞ்சாமல் ஆய்ந்துகொள்ளுங்கள். மஞ்சள், புள்ளி, கருகல் உள்ளவை ஆகாது. காலையில் பனி உலர்ந்ததும் ஆய்வது நல்லது.

பச்சை இலை கைவசம் இருக்கும்போது காயவைக்க வேண்டிய தேவை குறைவு. பயணத்துக்கோ ஊருக்கு அனுப்பவோ வேண்டுமானால், கழுவி, துணியில் ஒற்றி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிழலில் பரப்புங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் காய்வது மெல்ல நடக்கும், பூஞ்சணம் பிடிக்கும். மின்விசிறிக்குக் கீழே பரப்பி நாளுக்கு இருமுறை புரட்டிவிட்டால் நாலைந்து நாளில் நொறுங்கும் பதம் வரும். காம்பை மடித்தால் வளையாமல் முறிய வேண்டும். அதன்பிறகு மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலில் போட்டு வையுங்கள். எப்போதாவது திறக்கும்போது பூஞ்சண வாசனை வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

மருந்தாகப் பாவிக்குமுன்

ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற அல்கலாய்ட் இருக்கிறது. சளியை இளக்கி மூச்சுக்குழாயைத் தளர்த்தும் தன்மை அதற்கு உண்டு. பாமசியில் சளிக்குக் கொடுக்கும் புரோம்ஹெக்சின், அம்புரொக்சோல் என்ற இரண்டு மருந்துகளும் அந்த வாசிசினின் அமைப்பை அடியொற்றி ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டவைதான். சித்த மருத்துவத்தில் ஆடாதோடை மணப்பாகு இன்றும் புழக்கத்தில் உள்ளது. கடைகளில் தடிமனுக்கு வாங்கும் பஸ்பங்குவவில் ஆடாதோடை கிடையாது. அதில் இருப்பவை கொத்தமல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் வகை. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்ள வேண்டாம், பஸ்பங்குவவைப் போலக் கண்டபடி குடிக்கவும் கூடாது.

நம் வீடுகளில் குடிநீர் காய்ச்சும் முறை எட்டொன்று, அதாவது எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றவைப்பது. மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மெல்லிய நெருப்பில் காய்ச்சி, வடித்து, கசப்புக்குப் பனங்கற்கண்டு சேர்ப்பார்கள். எத்தனை இலை, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது குடிப்பவரின் வயதையும் உடம்பையும் பார்த்து வைத்தியர் சொல்ல வேண்டியது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவுள்ள ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அளவு மிஞ்சினால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

கீழே உள்ளவற்றில் விட்டுக்கொடுப்பு இல்லை.

கர்ப்பிணிகளுக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும், கரு கலையலாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் வைத்தியர் சொல்லாமல் குடிக்கக் கூடாது.

தொய்வுக்கு இன்ஹேலர் பாவிப்பவர்கள், ஆடாதோடை குடிக்கிறோமே என்று அதை நிறுத்தக் கூடாது. இழுப்புக் கடுமையாகும் நேரத்தில் கசாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காமல் ஆசுபத்திரிக்குப் போங்கள்.

இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால், சளியில் இரத்தம் கண்டால், பின்னேரக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இது இலவசம். காசநோய்க்கு ஆடாதோடை மருந்தாகாது.

மூன்றாவது வருடம்

சாடிச் செடிக்கு மூன்றாவது வருடமளவில் வேர் நெருக்கம் வரும். தண்ணீர் ஊற்றினால் மேலேயே நின்று மெல்ல இறங்கும், இலை சிறுக்கும். அடைமழை தொடங்குமுன் செப்டெம்பரில் செடியை முழங்காலளவுக்கு வெட்டி, வாளியைச் சாய்த்து வேர்க்கட்டியோடு உருவி எடுங்கள். பழைய கத்தியால் சுற்றுவேரை இரண்டு அங்குலம் செதுக்கி, அடியிலும் கொஞ்சம் வெட்டி, வாளி ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிட்டு, புதிய கலவையில் மறுபடி நடுங்கள். ஒரு கிழமை நிழலில் வைத்தபின் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம். வெட்டிய தடிகளை யாருக்காவது கொடுக்கும்போது ஈரத் தாளில் சுற்றி, மேலே ஒரு துண்டுச் சீட்டில் "ஆடாதோடை, கர்ப்பிணிகளுக்கு ஆகாது" என்று எழுதிக் கட்டிவிடுங்கள்.